லிட்டருக்கு 5.8 கிலோமீட்டர்தான் ஓடுது. ஏழு பேர் ஏறினா கணக்கு சரியாயிடுமா?

செம்மண் டயர் (சுங்கை சிப்புட்):

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. ஒரு சந்தேகம், கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

போன மாசம் பழைய மைவியை (அஞ்சு சீட்டு சின்னக் கார்) கொடுத்துட்டு செகண்ட் ஹேண்ட்ல ஒரு பெரிய எஸ்யூவி எடுத்தேன். 2,700 சிசி, பெட்ரோல், ஆட்டோ, ஏழு சீட்டு. பிராண்டு சொல்லல, சொன்னா அந்தச் சண்டையிலேயே இழை முடிஞ்சிரும். பந்தாவுக்கு எடுக்கல. வீட்டுல நான், மனைவி, பிள்ளைங்க மூணு, அம்மா, அத்தை, ஆக ஏழு தலை. மைவியில ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போகணும்னா ரெண்டு நடை அடிக்கணும், இல்லன்னா யாராச்சும் வீட்டுல உக்காந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்க.

இப்போ விஷயம். 60 லிட்டர் அடிச்சா மீட்டர்ல 350 கிலோமீட்டர்தான் காட்டுது. லிட்டருக்கு 5.8. இதே மாடல் வச்சிருக்கிற கூட்டாளி எட்டு வருதுங்கிறான். என் ஓட்டம் இதுதான்: திங்கள்லேருந்து சனி வரை மில்லுக்கு நான் மட்டும், போக 18 வர 18, அதுல கடைசி அஞ்சு தோட்டத்துச் செம்மண் ரோடு. ஞாயிறு ஈப்போவுக்கு எல்லாரும், போக வர 60.

மச்சான்கிட்ட புலம்பினா, "அட நீ வேற, 5.8-ஐ ஏழால பெருக்கு. நாப்பது. உன் மைவி 15 தானே ஓடுச்சு? லாபம்டா"ங்கிறாரு. கேக்க இனிப்பா இருக்கு. ஆனா மாசக் கடைசியில பர்ஸ் வேற கதை சொல்லுது.

ரெண்டு கேள்வி. ஒண்ணு, காடியில (கார்ல) ஏதும் கோளாறா? ரெண்டு, மச்சான் கணக்கு சரியா?

போமன் அண்ணன்:

தம்பி, முதல் கேள்விக்கு மட்டும் நான். 5.8 குறைச்சல்தான், ஆனா அளந்த விதம் சரியான்னு முதல்ல பாரு. பம்ப்புல நாசில் தானா நிக்கிற வரைக்கும் அடி. மீட்டரை ஜீரோ பண்ணு. அடுத்த தடவை அதே பம்ப்புல, அதே மாதிரி நிக்கிற வரைக்கும் அடி. அடிச்ச லிட்டரால ஓடின கிலோமீட்டரை வகுத்துக்க. டேஷ்போர்டு முள்ளைப் பாத்துச் சொல்ற கணக்கெல்லாம் கணக்கே இல்ல.

அடுத்தது, டயர் சைஸ் என்ன? காத்து எவ்வளவு? நாலு வீல் லீவர் எதுல இருக்கு? ஓடி நின்னதும் வெப்ப முள் நடுவுக்கு வருதா, கீழேயே கிடக்கா? மேல ரூஃப் பெட்டி இருக்கா?

ஏர் ஃபில்டரை மாத்துன்னு யாராச்சும் வந்து சொல்லுவாங்க. அழுக்கா இருந்தா மாத்து, நல்லதுதான். ஆனா இன்ஜெக்ஷன் காடியில அழுக்கு ஃபில்டரால இழுவை குறையும், எண்ணெய்ச் செலவு, அதான் பெட்ரோல், அவ்வளவா ஏறாது. கார்புரேட்டர் காலத்து அறிவுரை அது.

செம்மண் டயர்:

அண்ணே, டயர் 265/70 ஆர்17. முன்னாடி ஓனர் மாத்தினது, கதவு ஓரத்து ஸ்டிக்கர்ல 265/65ன்னு இருக்கு. காத்து பாத்தேன், வெக்கமா இருக்கு, முன்னாடி ரெண்டும் 22 பிஎஸ்ஐ. ஸ்டிக்கர்ல 29. லீவர் ரெண்டு வீல்லதான். வெப்ப முள் நடுவுல. ரூஃப்ல பெட்டி இல்ல, வெறும் கம்பி.

போமன் அண்ணன்:

அதான் பாத்தேன். டயர் உயரம் மூணு விழுக்காட்டுக்கு மேல கூடிருச்சு. அதனால நீ நிஜமா 100 கிலோமீட்டர் ஓடினா மீட்டர் 97 கூட காட்டாது. உன் 5.8 நிஜத்துல 6. காடி குடிச்சது அதேதான், நீ ஓடினதைத்தான் குறைச்சு எழுதிக்கிட்டே. போலீஸ் கேமரா முன்னால இதே விஷயம் உனக்கு எதிரா திரும்பலாம், மீட்டர் 110 காட்டும்போது நீ அதுக்கு மேல போய்க்கிட்டிருக்கலாம்.

காத்தை ஸ்டிக்கர்படி அடி. ஒரு பிஎஸ்ஐ குறைஞ்சா ஏறக்குறைய 0.2 விழுக்காடு எண்ணெய் போகும்னு சொல்லுவாங்க. ஏழு பிஎஸ்ஐக்கு ஒண்ணரை விழுக்காடு கூட வரல. ஆக உன் வியாதி இது மட்டும் இல்ல.

நாளைக்கு மில்லுலேருந்து திரும்பும்போது கடைசி ரெண்டு கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் மிதிக்காம உருட்டிக்கிட்டு வா. இறங்கினதும் நாலு ரிம் பக்கத்துலயும் கையைக் கொண்டு போய்ப் பாரு. தொடாதே. பக்கத்துல போதும்.

சிவப்பு அல்சா (ஆசிரியை, கணிதம்):

தம்பி, ரெண்டாவது கேள்விக்கு நான் வர்றேன், இது எங்க ஏரியா. மச்சான் ஞாயித்துக்கிழமைக் கணக்கை எடுத்து மாசம் முழுக்கப் பூசிட்டாரு.

உங்க ஓட்டத்தையே எடுத்துக்குவோம். 26 நாள், நாளுக்கு 36, மொத்தம் 936 கிலோமீட்டர், ஒரே ஆளு. நாலு ஞாயிறு, 240 கிலோமீட்டர், ஏழு பேரு. காடி ஓடினது 1,176. ஆள் கணக்கு: 936 கூட்டல் 240 பெருக்கல் ஏழு, அதாவது 2,616 ஆள்-கிலோமீட்டர். வகுத்தா சராசரியா 2.2 பேர்தான் உக்காந்திருக்கீங்க. ஏழு சீட்டுல ரெண்டு பேரும் ஒரு கைக்குழந்தையும் மாதிரி.

5.8-ன்னு வச்சா மாசம் ஏறக்குறைய 200 லிட்டர். லிட்டருக்கு 13 ஆள்-கிலோமீட்டர். உங்க மைவி நீங்க தனியா போனப்பவே 15. மச்சான் சொன்ன 40 எங்கே, இந்த 13 எங்கே?

ஆனா அவர் அடிப்படை தப்பில்ல, அதையும் சொல்லணும். ஏழு பேர் ஏறினா எண்ணெய் ஏழு மடங்கு ஆகாது. சுமார் 45 கிலோ ஏத்தினா ஒரு விழுக்காடு கூடும்னு பொதுவா ஒரு கணக்கு உண்டு, பெரிய காடியில அதைவிடக் குறைவாத்தான் தெரியும். அது எப்பவும் தன்னோட ரெண்டு டன் இரும்பைத்தான் இழுத்துக்கிட்டு இருக்கு. நாம ஏறினது அதுக்கு உறைக்கவே உறைக்காது. அதனால காலி சீட்டுதான் விலை ஜாஸ்தி.

கப்சாய் தம்பி:

டீச்சர், அப்போ மைவியையும் வச்சிருந்து வார நாள்ல அதுல போயிருந்தா?

சிவப்பு அல்சா:

936-க்கு மைவி 62 லிட்டர். ஞாயிறுக்கு பெரிய காடி 41. மொத்தம் 103, பாதிதான். மாசம் 97 லிட்டர் மிச்சம், லிட்டர் 1.99 வெள்ளின்னு (ரிங்கிட்) வச்சா 193 வெள்ளி. ஆனா ரெண்டு ரோட்டெக்ஸ் (சாலை வரி), ரெண்டு இன்சூரன்ஸ், ரெண்டு சர்வீஸ். வித்தது வித்ததுதான், அழ வேணாம்.

பழைய கிராணி:

வணக்கம் பிள்ளைங்களா. முப்பது வருசம் தோட்டத்து ஆபீஸ்ல பேரேடு எழுதினவன். தலைக்கு எவ்வளவு எண்ணெய்ன்னு போட்டி வச்சா, அந்தக் காலத்துத் தோட்டத்து லோரிதான் முதல் பரிசு. தைப்பூசத்துக்கு நாப்பது பேர் நின்னுக்கிட்டே போவோம், கைப்பிடிக்குக் கயிறு, வெயிலுக்குத் துண்டு. தலைக்கு ஒரு டம்ளர் டீசல் கூட செலவாகியிருக்காது. அதை யாரும் திரும்பக் கேக்கப் போறதில்ல. எங்க லயத்துல (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) ரெண்டு பிள்ளைங்க லோரிலேருந்து விழுந்து கை உடைஞ்சது எனக்கு ஞாபகம் இருக்கு. அந்தக் கணக்குல அதுவும் சேரும்.

ஒரு கேள்வி. பஸ்ஸுல டிரைவரைப் பயணின்னு எண்ணமாட்டோம். அப்போ காடியில ஓட்டுறவனை மட்டும் ஏன் எண்ணுறோம்?

சிவப்பு அல்சா:

ஐயா, நல்ல கேள்வி. மில்லுக்கு அவரே வேலைக்குப் போறாரு, அதனால அவர் பயணிதான். ஆனா நான் தினமும் காலையில மூணு பிள்ளைங்களை தமிழ்ப்பள்ளியில விட்டுட்டு காலியா வீட்டுக்கு வந்து, மத்தியானம் திரும்பவும் போய் ஏத்திக்கிட்டு வர்ற அம்மாமாரைப் பாக்குறேன். அவங்க எங்கேயும் போகல. நாலு நடையில ரெண்டு நடை வெறும் சீட்டு. அதை "நாலு பேர் போனோம்"னு எழுதினா பொய்க்கணக்கு.

கப்சாய் தம்பி:

செம்மண் அண்ணே, உங்க வீட்டுப் பக்கத்து லயத்துலேருந்து அதே மில்லுக்கு யாரும் வர்றதில்லையா? மூணு பேரை ஏத்திக்கிட்டா?

செம்மண் டயர்:

இருக்காங்கடா, மூணு பேரு, மூணும் கப்சாய், அதான் சின்ன மோட்டர்சைக்கிள். மழையில நனைஞ்சுதான் வருவாங்க. கணக்குப் போட்டுப் பாத்தேன். நாலு பேரா போனா 936 பெருக்கல் நாலு, ஞாயிறையும் சேத்தா 5,424. அதே 200 லிட்டர். லிட்டருக்கு 27! டீச்சர் சொன்ன மைவி ஏற்பாட்டையே (2,616-ஐ 103-ஆல வகுத்தா 25) தாண்டிருச்சு.

கப்சாய் தம்பி:

அண்ணே, கோவிச்சுக்காதீங்க, இதுல ஒரு ஓட்டை இருக்கு. மோட்டர் லிட்டருக்கு 50 ஓடும். அந்த மூணு பேரும் மோட்டரை வீட்டுல வச்சா ஆளுக்கு 19 லிட்டர்தான் மிச்சம், மூணு பேருக்கும் சேத்து 56. உங்க நம்பர் 13-லேருந்து 27 ஆச்சு, இரட்டிப்பு. ஆனா ஊர்ல குறைஞ்ச எண்ணெய் 56 லிட்டர்தான், இரட்டிப்புக்கு நூறு குறைஞ்சிருக்கணும் இல்ல? அவங்க முன்னால எதுல வந்தாங்கங்கிறது உங்க கணக்குல எங்கேயுமே இல்ல.

ஆனா ஏத்திக்குங்க. மழையில அந்தச் செம்மண்ணுல மோட்டர் ஓட்டுற வேதனை எனக்குத் தெரியும். சும்மா ஏத்துங்க, இல்ல எண்ணெய்க்குப் பங்கு போட்டுக்குங்க. தொழிலா காசு வாங்கி ஏத்தினா அதுக்கு லைசென்ஸ் வேற.

பழைய கிராணி:

இந்தப் பையன் பேச்சுல ஒரு சங்கதி இருக்கு.

இன்னொண்ணு. 2025 செப்டம்பர் 30-லேருந்து பூடி 95ன்னு அரசாங்க பெட்ரோல் மானியம் வந்துச்சு, ஆரம்பத்துல லிட்டர் 1.99, மாசம் ஆளுக்கு 300 லிட்டர். கோட்டா ஐசிக்குத்தான் (அடையாள அட்டை), காடிக்கு இல்ல. தம்பி அடிக்கிறது ஏறக்குறைய 200, அந்த 300-க்குள்ளதான், அதனால உறைக்கல. ஆரம்பிச்சப்போ கோட்டாவுக்கு வெளியே 2.60. அந்த விலைக்கு இதே 200 லிட்டரைப் போட்டுப் பாருங்க, 520 வெள்ளி. காடியோட நிஜ முகம் அதுதான்.

செம்மண் டயர்:

ஐயா, அந்தக் கணக்கைப் போட்டுட்டு மனைவிகிட்ட காட்டல.

போமன் அண்ணே! சொன்ன மாதிரி செஞ்சேன். மூணு ரிம் சாதாரணமா வெதுவெதுன்னு. முன்னாடி இடது பக்கம் கையைக் கொண்டு போனதும் அடுப்படி மாதிரி அனல். கருகின வாடை கூட லேசா அடிச்சுச்சு.

போமன் அண்ணன்:

அந்த வீல் பிரேக் விடல. வொர்க்ஷாப் போ, அப்படியே ஓட்டாதே.

செம்மண் டயர் (ரெண்டு வாரம் கழிச்சு):

விவரம் சொல்லணும், யாருக்காச்சும் உதவும்.

நம்ம டவுன் வொர்க்ஷாப்புல ஜாக் போட்டுத் தூக்கினாங்க. வலது வீலைக் கையால சுத்தினா ரெண்டு சுத்து தானா ஓடுது. இடது வீல் அரைச் சுத்து, கிர்ர்னு உரசி நின்னுருச்சு. காலிப்பரை (பிரேக் பேட்டை அழுத்துற பாகம்) கழட்டினாங்க. அது நகர்றதுக்கு ரெண்டு பின் இருக்குமாம். கீழ் பின்னோட ரப்பர் கிழிஞ்சு உள்ளே செம்மண் போயிருக்கு. பின் துருப்பிடிச்சு, மண்ணும் கிரீஸும் கலந்து களி மாதிரி. சுத்தியலால தட்டித்தான் வெளியே வந்துச்சு. ஒரு பக்கத்து பேட் பாதி இருக்கு, மறு பக்கம் இரும்பு தெரியப் போகுது. பின், ரப்பர், ரெண்டு பக்கமும் பேட், எல்லாம் புதுசு. தோட்டத்து ரோட்டுல ஓட்டுறவங்க ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இதைக் கழட்டிச் சுத்தம் பண்ணணும்னு தவுக்கே (கடை முதலாளி) சொன்னாரு.

காத்து 29. டயரை இப்போதைக்கு மாத்தல, காசு இல்ல. ஃபோன்ல தூரம் பாத்துக்கிறேன். அதே பம்ப்பு, நாசில் நிக்கிற வரை: 402 கிலோமீட்டருக்கு 55 லிட்டர். லிட்டருக்கு 7.3!

சிவப்பு அல்சா:

அருமை. 6-லேருந்து 7.3 சின்னதுன்னு நினைச்சுடாதீங்க. பெரிய காடியில ஒவ்வொரு கிலோமீட்டர் முன்னேற்றமும் கனம். லிட்டருக்கு 6 ஓடுறதை 8 ஆக்கினா 100 கிலோமீட்டருக்கு நாலு லிட்டருக்கு மேல மிச்சம். 12 ஓடுறதை 16 ஆக்கினா ரெண்டுதான். என் மாணவர்கள் இதை நம்பவே மாட்டாங்க, பலகையில வகுத்துக் காட்டணும்.

மில் ஆளுங்க விஷயம் என்னாச்சு?

செம்மண் டயர்:

ரெண்டு பேர் வர்றாங்க டீச்சர். மூணாவது ஆளுக்கு ஓவர்டைம் நேரம் ஒத்து வரல, அவன் மோட்டர்லதான். நோட்டு போட்டுட்டேன், லிட்டர், தூரம், தலை எல்லாம். ஞாயித்துக்கிழமை எழுதுறது அத்தை, முன் சீட்டு அவங்களுக்குத்தான். போன வாரம் பாத்தா "ஆறரை பேர்"னு எழுதியிருக்காங்க. கடைக்குட்டி வழி முழுக்கத் தூங்கிட்டானாம், அவனுக்கு அரைதானாம்.