அந்த ஆறு துளையும் சன்னம் பட்டதல்ல

தீராந்தி:
போன கிழமை எங்கள் இந்த இணையக் களத்தில் ஒரு கதை வந்தது. யாழ்ப்பாணம் பிரதான வீதிப் பக்கம் எடுத்த பழைய சுவர் ஒன்றின் படம். அதற்குக் கீழே "படத்தைப் பார்த்தேன், கதை தானாக வந்தது" என்று ஒரு முன்குறிப்பு. சுவரில் ஆறு துளை. எதிர்வீட்டுக் கிழவி ஒவ்வொரு துளைக்கும் தன் பிள்ளைகளில் ஒன்றின் பெயரை வைத்திருக்கிறாளாம், ஏனென்றால் ஆறும் துவக்குச் சன்னம் துளைத்தவையாம். ஆளாளுக்கு அழுகிற முகம் போட்டிருக்கிறீர்கள்.

ஒருவராவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தீர்களா? ஆறும் ஒரே உயரம். ஒரே இடைவெளி. எல்லாம் சதுரம். மேல்மாடித் தளத்தைத் தாங்கிய மர உத்தரங்கள், அதாவது தீராந்திகளின் நுனி சுவருக்குள் இருந்த பொந்து அது. மரத்தை யாரோ கழற்றிவிட்டார்கள், பொந்து மிச்சம். சுட்டவன் அடிமட்டம் வைத்தா சுட்டான்?

இடிந்த கட்டிடத்தின் படத்தை வைத்துக் கதை எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்த்துவிட்டு எழுதுங்கள் என்கிறேன்.

சுவடி:
அந்தக் கதையை எழுதியவள் நான்தான். "ஒரு கதை வந்தது" என்று மறைவாகத் திட்டத் தேவையில்லை, பெயரைச் சொல்லியே திட்டலாம். அது ஒரு தாயின் கதை, மேசன் வேலைக்கான மதிப்பீட்டு அறிக்கை அல்ல. கிழவி அவற்றைச் சன்னத் துளை என்று நம்புகிறாள். கதைக்கு அது போதும்.

தீராந்தி:
கிழவி நம்பினால் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. மூன்றாம் பந்தியில் "சன்னங்கள் துளைத்த அந்தச் சுவர்" என்று இருக்கிறதே, அது கிழவியின் வாயில் வருகிறதா? கதை சொல்கிறவர் தன் வாயால் சொல்கிறார். அதைவிட, வாழ்நாள் முழுக்க எதிர்வீட்டில் இருந்தவளுக்கு அங்கே ஒரு மாடி இருந்தது தெரியாதா தங்கச்சி?

சுவடி:
நான் உங்களுக்குத் தங்கச்சி இல்லை.

லென்ஸ்மூடி:
எல்லோருக்கும் வணக்கம். படம் என்னுடையது. அதைச் சொல்ல இவ்வளவு நேரம் பொறுத்திருந்தேன், ஒருவரும் கேட்கவில்லை. கதையிலும் என் பெயர் இல்லை. வலது மூலையில் நான் போட்டிருந்த அடையாளத்தையும் காணவில்லை.

சுவடி:
நான் வெட்டவில்லை. வட்ஸ்அப்பில் ஒரு குழுவில் வந்த படம், வந்தபடியே போட்டேன்.

லென்ஸ்மூடி:
வெட்டியது யார் என்பது இரண்டாவது. கேட்கவில்லை என்பதுதான் முதலாவது.

பனிப்பூ:
ஸ்கார்பரோவிலிருந்து எழுதுகிறேன். இந்தக் கதையை வாசித்து அழுதவர்களில் நானும் ஒருத்தி, அதற்காக வெட்கப்படவும் இல்லை. சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் நான். எனக்கு யாழ்ப்பாணத்துச் சுவரில் இருக்கிற எல்லாத் துளையும் சன்னத் துளைதான். இங்கே வந்து அளவுநாடா பிடிக்கிறவர்களுக்கு அது விளங்காது.

தீராந்தி:
அக்கா, அந்த இரவு அதே பாலத்தில்தான் நானும் நின்றேன். சைக்கிளில் அம்மா, தலையில் அரிசிப் பை. உங்கள் கண்ணீரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த ஆறும் ஒரே உயரத்தில் இருப்பதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கண்டிவீதி:
கொஞ்சம் விலகி நின்று பார்ப்போம். பாரிஸில் யூஜின் அட்ஜே என்ற புகைப்படக்காரர் பழைய தெருக்களையும் கடைவாசல்களையும் எடுத்து, "கலைஞர்களுக்கான ஆவணங்கள்" என்று சொல்லி ஓவியர்களுக்கு விற்றார். 1927 இல் இறக்கும் வரை அதுதான் பிழைப்பு. ஆக, படத்தைப் பார்த்து இன்னொன்றைப் படைப்பது புதிய குற்றம் இல்லை. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையம் 1988 இல் மூடி 2024 இல்தான் திறந்தது. இடையில் உடைந்த ஜன்னல்களை உலகமே வந்து படம் எடுத்தது. உள்ளூர்க்காரர்களுக்கு எரிச்சல், தூண் தெரிகிறது, வேலை போன ஆளைக் காணவில்லையே என்று. எங்களிடம் மழையும் வெயிலும் அரித்த சுவர் இருக்கிறது, குண்டு இடித்தது இருக்கிறது, ஆள் கழற்றியது இருக்கிறது. மூன்றும் ஒன்றா, வேறு வேறா என்று முதலில் பேசி முடிவெடுப்போமா?

தென்மராட்சியான்:
பிரதான வீதி, கோட்டை, நூலகம், புகையிரத நிலையம். உங்கள் கமெராக்களுக்குப் பாலம் தாண்டவே தெரியாதா? 2000 ஆம் ஆண்டு சண்டையில் எங்கள் தென்மராட்சியின் சாவகச்சேரி நகரம் தரைமட்டமானதே, அதை வைத்து யார் கதை எழுதினீர்கள்?

லென்ஸ்மூடி:
நான் சாவகச்சேரியிலும் எடுத்திருக்கிறேன். அதையும் கேட்காமல் போட்டார்கள்.

தீராந்தி:
தென்மராட்சியான், உங்கள் குறை நியாயம், தனி இழையாகத் தொடங்குங்கள். கண்டிவீதி, டெட்ராய்டில் தீராந்திப் பொந்தைச் சன்னத் துளை என்று யாரும் எழுதியதாக நீங்கள் சொல்லவில்லை.

பொறுமையாக ஒருமுறை எழுதிவிடுகிறேன். என் அப்பா கொந்திராத்துக்காரர், பழைய வீடுகளைப் பிரித்தும் பூட்டியும் பார்த்தவர். சுண்ணாம்புச் சாந்து பூசிய முருகைக்கல் சுவரில் சன்னம் பட்டால் வாய் அகன்று அடி ஒடுங்கிய ஒரு குழி விழும். சுற்றிவரப் பூச்சு சில்லுச் சில்லாகக் கழன்றுவிடும். மேலே ஒன்று, கீழே மூன்று, ஜன்னலைச் சுற்றி நெருக்கமாக இருக்கும், ஏனென்றால் சுடுகிறவன் சுவரைச் சுடுவதில்லை, ஜன்னலுக்குள் நிற்கிறவனைச் சுடுகிறான். பீரங்கிச் செல் துண்டு என்றால் இன்னும் கோணல்மாணல். 1990 இல் யாழ் தேவி ரயில் நின்றது, 2014 ஒக்டோபரில் திரும்ப வந்தது. அதற்கு இடையில் எங்கள் புகையிரத நிலையத்தைப் போய்ப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது தெரியும். அந்தச் சுவரைக் காட்டித் தீராந்திப் பொந்து என்று எவனாவது சொல்லியிருந்தால் அவனோடும் இப்படித்தான் சண்டை பிடித்திருப்பேன்.

அடுத்தது, துளைகளுக்குக் கீழே பூச்சு உதிர்ந்திருப்பதைக் கதையில் "போர் உரித்த தோல்" என்று எழுதியிருக்கிறீர்கள். கடல்நீரேரிக் காற்றுப் படுகிற இடம் அது. நிலத்து உப்பு ஈரத்தோடு சுவரில் ஏறி, காய்கிறபோது உள்ளுக்குள் படிகமாகிப் பூச்சை வெளியே தள்ளும். ஒரு வெடிச் சத்தமும் கேட்காத ஊரிலும் அது உதிரும்.

சரி, மரம் எங்கே போனது? அதைக் கேட்டீர்களா? சனம் இடம்பெயர்ந்த பிறகு ஓடு, கதவு, நிலை, தீராந்தி எல்லாம் போனது. பங்கருக்குப் போனது, அடுப்புக்குப் போனது, இன்னொருவன் வீட்டுக் கூரைக்கும் போனது. யார் கழற்றினார்கள் என்று ஒழுங்கைக்குள் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கதைப்பதில்லை. கிழவிக்கும் தெரிந்திருக்கும். அவளுடைய கோழிக்கூட்டிலேயே ஒரு துண்டு இருந்திருக்கலாம். ஆறு பொந்தையும் பார்த்தபடி, அந்தக் கோழிக்கூட்டைப் பூட்டித் திறந்துகொண்டு எதிர்வீட்டில் இருக்கிறாள் ஒருத்தி. கதை அங்கே இருக்கிறது. சன்னம் என்று போட்டவுடன் குற்றம் எல்லாம் எங்கோ வெளியில் இருந்து வந்தவன் தலையில் போய்விடும். அது சுகமான கதை.

சுவடி:
அப்படியென்றால் அந்தக் கோழிக்கூட்டுக் கதையை நீங்களே எழுதுங்கள். எழுத வராதவர்கள்தான் மற்றவர்களின் கதைக்குள் அடிமட்டத்தோடு நுழைகிறார்கள். பிள்ளைகளைத் தொலைத்த ஒரு தாயைக் கள்ளி ஆக்கினால்தான் உங்களுக்கு இலக்கியமா?

தீராந்தி:
கள்ளி என்று நான் எழுதவில்லை. ஆறும் சதுரம் என்று எழுதினேன்.

பனிப்பூ:
"சுகமான கதை" என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

வேலிக்கதியால்:
புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன், தீராந்தி அண்ணை எப்போதும் இப்படித்தான். முன்பு நல்லூரில் இருக்கிற பழைய மாளிகையான மந்திரிமனையைப் பற்றி நான் ஒரு கவிதை போட்டேன். யாழ்ப்பாண அரசன் சங்கிலியன் காலத்து மந்திரி அந்த ஜன்னலில் நின்று பார்ப்பதாக. இவர் வந்து, இப்போது நிற்கிற கட்டிடத்தில் ஐரோப்பியர் காலத்துப் பாணி இருக்கிறது, அந்த ஜன்னலில் மந்திரி நிற்க முடியாது என்று பக்கம் பக்கமாக எழுதினார். நான் கவிதை எழுதுவதையே விட்டுவிட்டேன்.

தீராந்தி:
அந்த ஜன்னலில் மந்திரி நிற்க முடியாதுதான். போர்த்துக்கீசர் சங்கிலியனைப் பிடித்தது 1619 இல். கவிதையை விட்டதற்கு வேறு காரணமும் இருந்திருக்கும்.

வேலிக்கதியால்:
பார்த்தீர்களா?

தென்மராட்சியான்:
சாவகச்சேரிக்குத் தனி இழை தொடங்கச் சொன்னார் பெரியவர். தொடங்கினேன். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இதுதான் உங்கள் யாழ்ப்பாணப் பவுசு.

கண்டிவீதி:
மூன்றும் ஒன்றா என்று நான் கேட்டது அப்படியே நிற்கிறது. உதாரணத்துக்குக் கோட்டையை எடுங்கள். நெதர்லாந்து உதவியோடு மதிலைத் திருத்தினார்கள். உள்ளே 1706 இல் ஒல்லாந்தர் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் சண்டையில் நொறுங்கிக் கற்குவியலாகப் போனது. திருத்திய மதிலைப் படம் எடுத்தால் கதை வராதா, குவியலை எடுத்தால்தான் வருமா?

லென்ஸ்மூடி:
கோட்டை மதிலில் மாலை வெளிச்சம் நல்லாய் விழும்.

சுவடி:
தீராந்தி அவர்களுக்குக் கடைசியாக ஒன்று. நீங்கள் அந்த இடத்துக்குப் போனீர்களா? நீங்களும் என்னைப் போலக் கைபேசியில் படத்தைத்தானே பார்த்தீர்கள்? மேலே வரிசையாக இருப்பவை தீராந்திப் பொந்து என்றே வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் கடைசித் துளையின் ஓரம் உடைந்து வட்டமாகத் தெரிகிறது. அது சன்னம் இல்லை என்று படத்தை மட்டும் வைத்து எப்படிச் சத்தியம் பண்ணுகிறீர்கள்?

தீராந்தி:
மரத்தை இழுத்து எடுக்கிறபோது ஓரம் உடையும். முருகைக்கல் அப்படித்தான். அதுவும் மற்ற ஐந்தோடு ஒரே கோட்டில்தான் இருக்கிறது, மட்டம் பிடித்துப் பாருங்கள். இடத்தைச் சொன்னால் போய்ப் பார்க்கிறேன். லென்ஸ்மூடி, எந்த ஒழுங்கை?

லென்ஸ்மூடி:
கதைக்குக் கீழே என் பெயர் வரட்டும், பிறகு சொல்கிறேன்.

சுவடி:
பெயர் போடுகிறேன் என்று நான் எங்கே மறுத்தேன்? முதலில் இவர் "கதை எழுதத் தெரியாது" என்று சொன்னதைத் திரும்பப் பெறட்டும்.

தீராந்தி:
பார்க்கத் தெரியாது என்றுதான் சொன்னேன்.

பனிப்பூ:
அதையே எத்தனை தரம் சொல்வீர்கள்?

தீராந்தி:
துளை ஒரே உயரத்தில் இருக்கிற வரைக்கும்.

சுவடி:
எனக்கு வேறு வேலை இருக்கிறது. பழைய பூங்காவுக்குப் பக்கத்தில் நிற்கிற பழைய கச்சேரியின், அதுதான் அந்த அரச அலுவலகக் கட்டிடத்தின், படம் ஒன்று கிடைத்திருக்கிறது, ஒரு வளைவு, அதற்குள்ளால் ஒரு மரம். அடுத்த கதை அதை வைத்துத்தான். தீராந்தி அவர்கள் இப்போதே அடிமட்டத்தை எடுத்து வைக்கலாம்.

தீராந்தி:
அது என்ன மரம் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

லென்ஸ்மூடி:
மரம் வலப்பக்கமும், கீழே ஒரு ஆடும் இருக்கிற படமா? அதுவும் நான் எடுத்ததுதான்.