ஷார்ஜா விமான ஒப்பந்தம், 1932: அரபு படிக்கத் தெரிந்தவர்கள் கைகொடுங்கள்

வணக்கம். 1932 ஜூலை 22 அன்று ஷார்ஜா ஷேக் சுல்தான் பின் சக்ர் பிரிட்டிஷாருடன் செய்த ஒப்பந்தத்தின் அரபு வடிவத்தை ஆங்கில வடிவத்தோடு வரிக்கு வரி ஒப்பிட உதவி தேவை.

பின்னணி இதுதான். கராச்சி செல்லும் இம்பீரியல் ஏர்வேஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் விமானங்கள் பாரசீகக் கரையோரமாகப் பறந்தன. அதற்குப் பாரசீகம் தந்த அனுமதி முடியவே, வளைகுடாவின் எதிர்க்கரையான அரபுக் கரையில் விமானம் இறங்கி இரவு தங்க இடம் தேவைப்பட்டது. பேச்சு நடத்திவந்த ரெசிடென்ட் (வளைகுடாவில் பிரிட்டிஷாரின் தலைமை அரசியல் அதிகாரி) ஹ்யூ பிஸ்கோ நடுவில் இறந்தார். குவைத்தில் பிரிட்டிஷ் அரசியல் ஏஜென்டாக இருந்த டிக்ஸன் முடித்துவைத்தார். விமானத் தளத்துக்கு மாதம் 800 ரூபாய் வாடகை, ஷேக்குக்குத் தனியாக 500. இரண்டும் இந்திய ரூபாய். இரண்டையும் கூட்டி "வாடகை 1300" என்று எழுதிவிடாதீர்கள். ஒன்று தளத்துக்கு, மற்றது ஆளுக்கு. அரசியலே அந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

கோட்டை போலக் கட்டிய விடுதி, காவலாட்கள் பற்றிய வரிகளில்தான் எங்களுக்குச் சிக்கல். பொறுப்பு யாருடையது என்பதற்கு அரபில் என்ன சொல் வருகிறது? அந்த ஒரு சொல் முக்கியம்.

பழைய பிரிட்டிஷ் ஆவணங்கள் இணையத்தில் கிடைக்கும் கத்தார் டிஜிட்டல் நூலகத்தில் தேடுவோர் 'ஷார்கா' என்ற பழைய எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். இன்றைய பெயரை மட்டும் போட்டால் பல தாள்கள் தப்பிவிடும். தாளின் ஃபோலியோ எண்ணை (கோப்பில் அந்தத் தாளுக்கு இட்ட எண்) கட்டாயம் குறித்து அனுப்புங்கள்.

ஷார்ஜாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள்: பழைய விமான நிலையம் இருந்த இடத்திலுள்ள அல் மஹத்தா அருங்காட்சியகத்தில் பழைய விடுதியின் வாசல், சுவர், கோபுரம் மூன்றையும் படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் ஆள் நின்றால் உயரம் கணக்கிடலாம். பழைய ஓடுபாதைதான் இன்றைய கிங் அப்துல் அஜீஸ் சாலை. அதன் திசையையும் குறித்தால் நல்லது.