ஓசூர் வேலைக்குப் போகலாமா, தண்டையார்பேட்டையிலேயே இருக்கலாமா?

தண்டையார்பேட்டை_33:
மணலியில் ஒரு கண்டெய்னர் யார்டில் போர்க்லிப்ட் ஓட்டுகிறேன். கைக்கு 19,000 வருகிறது. ஓசூரில் ஒரு கம்பெனியில் 28,000 தருகிறோம், பதினைந்து நாளில் வந்து சேர் என்கிறார்கள்.

மனைவி எம்.சி. ரோட்டில் துணிக்கடையில் இருக்கிறாள், 11,000. பொண்ணுக்கு ஐந்து வயது. அம்மா விடியற்காலை மூன்று மணிக்கே காசிமேடு போய் ஏலத்தில் மீன் எடுத்து, விற்றுவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுவார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பொண்ணுக்குச் சோறு ஊட்டுவது அவர்தான். 14 வருஷமாக ஒரே வீடு, வாடகை 6,000. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அம்மாவுக்கு வியாபாரம் படுத்துவிடும். தெருமுனைக் கடை அண்ணன்தான் அரிசி, எண்ணெய் கொடுத்து நோட்டில் எழுதிக்கொள்வார். ஓசூரில் எனக்கு யார் நோட்டுப் போடுவார்கள்?

நண்பர்கள் என்னைப் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள். எனக்கு அது வலிக்கிறது. வெளியூர் போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

புளியந்தோப்பு அக்கா:
தம்பி, என் அப்பா மில் தொழிலாளி. மில் மூடியதும் கூட வேலை செய்தவர்கள் திருப்பூருக்குக் கிளம்பினார்கள், அப்பாவையும் கூப்பிட்டார்கள். "எப்படியும் திறப்பாங்க" என்று இருந்துவிட்டார். தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கேட் வரை போய்ப் பார்த்துவிட்டு வருவார். கடைசியில் வாட்ச்மேன் வேலை. நான் பத்தாவதோடு நின்றேன்.

உனக்கு இங்கே வேலை ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் உன் நிலைமை வேறு. ஆனால் அஞ்சு வருஷம் கழித்தும் அதே 19,000 என்றால் பொண்ணு படிப்புக்கு என்ன செய்வாய்? அதை யோசி.

எண்ணூர்க்காரன்:
அண்ணா, கம்பெனியே நேரடியாக எடுக்கும் ரோலா, கான்ட்ராக்டா? முதலில் இதைக் கேளுங்கள். நான் 2019இல் ஒரகடம் போனேன், கான்ட்ராக்ட். 2020 மார்ச்சில் லாக்டவுன் வந்ததும் முதலில் வெளியே நின்றது நாங்கள்தான். ரூம் அட்வான்ஸும் வாடகையில் கழிந்துபோனது.

அப்புறம் உங்கள் கணக்கு. இப்போது இரண்டு பேருமாக 30,000. குடும்பத்தோடு போய் அண்ணி வேலையை விட்டால் 28,000தான், வாடகையும் கூடும். தனியாகப் போனால் ரூம், மெஸ், வீட்டுக்கு வந்து போக 300 கிலோமீட்டர் ராத்திரி பஸ். மாதம் 2,000 மிஞ்சினால் பெரிது. இதைப் பயம் என்று சொல்பவர்கள் அந்த பஸ்ஸில் ஒரு மாதம் போய் வரட்டும்.

தண்டையார்பேட்டை_33:
போன் போட்டுக் கேட்டேன். 11 மாத கான்ட்ராக்ட், அதற்குமேல் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் அக்கா கேட்டது இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. எங்கள் யார்டில் ரீச் ஸ்டேக்கர், அதாவது கண்டெய்னரையே தூக்கி அடுக்கும் பெரிய வண்டி, ஓட்டுபவருக்கு என்னைவிட நல்ல சம்பளம். கற்றுக்கொடுங்கள் என்று அவரிடமே கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறார்.