கருவி கிடைத்துவிட்டது, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று உங்களுக்குச் சொல்லித்தந்தவர் யார்? (குமரி மாவட்டம் – மாற்றுத்திறனாளிகள் அனுபவப் பகிர்வு)

வில்லுக்குறி_தங்கச்சி

அண்ணன் பனையில் இருந்து விழுந்தது, முதுகுத்தண்டு போனது, கருவி வழங்கும் முகாமில் சக்கர நாற்காலி வாங்கினது எல்லாம் நம்ம ஊர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு கேட்ட கதை. அதற்குள் போகவில்லை. எனக்கு மறக்க முடியாதது ஒரே ஒரு ஆள்.

நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ், திங்கட்கிழமை மனு நாள். நல்ல கூட்டம். வேறு ஒரு காரியத்துக்கு மனு எழுதிக்கொண்டு நிற்கிறோம். வயசான ஒருத்தர், அவரும் சக்கர நாற்காலிதான், தானே உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். "மக்களே, நான் கொஞ்சம் கை வச்சுப் பாக்கட்டா?" என்று கேட்டார். அண்ணன் சரியென்றதும், இடுப்புக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவில் கையை விட்டார். நாலு விரலும் தாராளமாகப் போனது. "இது உனக்க அளவு இல்ல. ஒரு பக்கமா சரிஞ்சுதான் இருப்ப, முதுகு வளைஞ்சிரும்" என்றார்.

அடுத்து செய்ததுதான் விஷயம். அண்ணன் உட்கார்ந்திருக்கும்போதே, உட்காரும் எலும்புக்கு நேர் கீழே விரல் நுனியை நுழைத்தார். நுழைத்து, அசைக்கப் பார்த்தார். அசையவில்லை. என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைக்கச் சொன்னார். என் விரல் நசுங்கியது. "விரல் மேலயும் கீழயும் அசைஞ்சா பயமில்ல. அசையாம, ஆனா உருவி எடுக்க முடிஞ்சா கவனமா இருக்கணும். இப்படி இறுக்கிப் பிடிச்சா புண்ணு வந்தே தீரும். அவனுக்கு அங்க உணர்ச்சி கிடையாது, அவன் எப்படிச் சொல்லுவான்? தினம் ராத்திரி கண்ணாடி வச்சுப் பாருங்க" என்றார்.

அன்று ராத்திரி பார்த்தோம். வலது பக்கம் சிவந்து கிடந்தது. மெத்தை வாங்கினோம், திருப்பிப் படுக்க வைத்தோம், தோல் உடையாமல் தப்பியது. ஆனால் ஆஸ்பத்திரி, முகாம், பயிற்சி என்று எத்தனையோ படித்தவர்கள் கையைத் தாண்டி வந்தோம். ஒருத்தர்கூட அந்த விரலை வைத்துப் பார்க்கவில்லையே. எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது. அவர் பேரைக் கேட்பதற்குள் எங்கள் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உங்களுக்கு யார் சொன்னார்கள்? எழுதுங்கள்.


ஒலியில்_வாசிப்பவன்

எனக்கு ஒரு லாட்டரி விற்பவர், தங்கச்சி.

பார்வை போய்க்கொண்டிருந்த காலம். ஒரு கடையில், கம்ப்யூட்டர் பேச வேண்டும் என்றால் ஒரு மென்பொருள் வாங்க வேண்டும் என்று சொன்ன விலையைக் கேட்டு அப்பா ஒன்றும் பேசாமல் வெளியே வந்துவிட்டார். அதோடு அந்தப் பேச்சே வீட்டில் இல்லை.

திருவனந்தபுரத்தில் இருந்து நாகர்கோவில் பாசஞ்சர். பாறசாலைக்கு முன்னால் எதிர் சீட்டில் ஒரு குரல், மலையாளத்தில், மனிதர் பேச முடியாத வேகத்தில். அவருடைய போன். அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை, அந்தப் பக்கம் லாட்டரி விற்கிறார். நான் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துத் தடவுவது எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது. "போன் இங்கே தா" என்று வாங்கி, சத்தம் கூட்டும் குறைக்கும் பொத்தான் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்தார். அவ்வளவுதான். நான் காசு கொடுத்து வாங்கி இத்தனை காலம் வைத்திருந்த அதே போன் தமிழில் பேச ஆரம்பித்தது. டாக்பேக், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் வசதி. அது முதல் நாளில் இருந்தே உள்ளே இருந்திருக்கிறது.

வலது பக்கம் ஒரு விரலால் தள்ளினால் அடுத்தது, இரண்டு தட்டு தட்டினால் திறக்கும். குழித்துறை வருவதற்குள் நானே அம்மாவுக்குப் போன் போட்டேன். கம்ப்யூட்டருக்கு என்விடிஏ என்று ஒன்று இலவசமாக உண்டு என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் தொடங்கியது, இன்றைக்கும் ஒரு பைசா வாங்குவதில்லை. இந்தப் பதிவை அதில்தான் அடிக்கிறேன்.

அந்தக் கடைக்காரருக்கு இது தெரியாமல் இருந்ததா, தெரிந்தும் சொல்லவில்லையா? இன்றுவரை அதுதான் என்னைக் குடைகிறது.


இரணியல்_பேத்தி

எங்கள் பாட்டாவுக்குக் காதுமெஷின். அலமாரியில் கிடந்தது. போட்டால் கீ என்று விசில் அடிக்கும், மழை பெய்தால் தகர ஷீட்டில் விழுகிற சத்தம் மண்டையைப் பிளக்கிறது என்று கழற்றி எறிந்துவிடுவார். "பாட்டாவுக்குப் பிடிவாதம்" என்று வீட்டில் எல்லாரும் ஒரே முடிவு.

திருவனந்தபுரம் ஆக்குளத்தில் இருக்கிற நிஷ் என்கிற பேச்சு–கேள்வி நிறுவனத்துக்குச் சித்தப்பா அழைத்துக்கொண்டு போனார். நானும் போனேன். அங்கே ஒரு சின்னப் பெண், என் வயசுதான் இருக்கும், மெஷினைத் தொடவே இல்லை. காதில் வைக்கிற அச்சை மட்டும் வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது தாத்தாவோட காதுக்கு எடுத்த அச்சு இல்ல. பொதுவா வர்றது. இடைவெளி வழியா சத்தம் வெளிய வந்து திரும்ப மைக்குக்குள்ள போகுது, அதான் விசில்" என்றாள். புதிதாக அச்சு எடுத்தார்கள். முதல் வாரம் அமைதியான அறையில் கொஞ்ச நேரம் மட்டும், ஒரே ஒரு ஆளோடு மட்டும் பேசச் சொன்னாள். மழை, சந்தை, கல்யாண வீடு எல்லாம் அப்புறம்தானாம். இத்தனை வருஷம் கேட்காத மூளைக்கு எந்தச் சத்தத்தை ஒதுக்க வேண்டும் என்று மறந்து போயிருக்கும் என்றாள்.

பாட்டா அவளிடம் கேட்டார்: "அப்போ எனக்குப் பிடிவாதம் இல்லியா மக்களே?" நான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன்.

நம்ம ஊர் ஈரக்காற்றுக்கு ராத்திரி மெஷினைக் கழற்றி, பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா பொட்டலம் போட்ட டப்பியில் வைக்க வேண்டும். இதையும் அவள்தான் சொன்னாள்.


தக்கலை_மூத்தவர்

வில்லுக்குறித் தங்கச்சிக்கு ஒரு வார்த்தை. கோபம் புரிகிறது. ஆனால் முகாமையே குறை சொல்வதை நான் ஏற்க மாட்டேன். எனக்கு இளம்பிள்ளை வாதம், சின்ன வயசிலிருந்து காலிப்பர், காலைத் தாங்க மாட்டுகிற கம்பிச் சட்டம். அந்தக் காலத்தில் என் அப்பா ஒரு காலிப்பருக்காக நெல்லு விற்றார். இன்றைக்கு அரசு தருகிறது. அந்த வித்தியாசம் தெரிந்தவன் நான். நான் சந்தித்த மனிதரும் ஒரு முகாமில் அளவெடுக்க வந்தவர்தான்; என் பழைய காலிப்பரின் பூட்டைத் தன் கைக்காசில் மாற்றித் தந்துவிட்டுப் போனார்.

இங்கே படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். முதலில் யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுங்கள். 2016ஆம் வருஷச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. பழைய பட்டியலில் இல்லை என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள், பார்க்கின்சன், தசைச்சிதைவு, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாம் இதில் வருகிறார்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்று இருந்தால்தான் மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்தில் கருவி கேட்க முடியும். கருவிகள் செய்கிற கான்பூர் அலிம்கோ அரசு நிறுவனத்தில் இருந்து வருவது அந்த வழியில்தான். ஒரு முறை வாங்கினால் அதே தேவைக்கு மூன்று வருஷம் திரும்பக் கேட்க முடியாது, 12 வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு வருஷம். ஆகவே அளவு தவறாக இருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். அங்கேயே நின்று சொல்லுங்கள். முகாம் இரண்டு கட்டமாக நடக்கும், அளவெடுப்பு ஒரு நாள், வழங்குவது இன்னொரு நாள். அளவெடுக்கிற நாளில் ஒரு காகிதத்தில் நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள்: இடுப்பு அகலம், தொடை நீளம், முழங்காலில் இருந்து குதிகால் வரை. உட்காரும்போது முழங்காலின் பின்பக்கத்துக்கும் சீட்டின் விளிம்புக்கும் இரண்டு விரல் இடம் வேண்டும். வீட்டு வாசல் அகலத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். சாய்தளம் கட்டினால் ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம். கொத்தனார் இடம் இல்லை என்பார், விடாதீர்கள், செங்குத்தாகக் கட்டினால் பின்னால் புரளும். மாநில அரசுத் திட்டங்களுக்கு கலெக்டர் அலுவலக வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். மடக்கு ஊன்றுகோல், பிரெய்லி கடிகாரம், காதொலிக் கருவி, ஸ்மார்ட்போன், இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் எல்லாம் அங்கேதான். இடையில் எவரிடமும் பணம் தர வேண்டாம். சென்னைக்குப் போகிறவர்கள் காமராஜர் சாலையில் உள்ள மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸைப் பாருங்கள், கருவிகளைத் தொட்டு, உட்கார்ந்து பார்க்கலாம்.

மனு எழுதும்போது நகல் வைத்து, ரசீது வாங்குங்கள்.


குலசேகரம்_ரப்பர்

மூத்தவரே, உங்கள்மேல் மரியாதை உண்டு. ஆனால் "அங்கேயே நின்று சொல்லுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது சரியில்லை. அளவு தவறு என்று தெரிந்தால்தானே சொல்ல? தங்கச்சி கேட்பதும் அதைத்தான். சக்கர நாற்காலி தருவதற்கு உலக சுகாதார நிறுவனம் 2008இலேயே எட்டுப் படிகள் எழுதி வைத்திருக்கிறது. பொருத்திப் பார்ப்பது அதில் ஒரு படி, பழக்குவது இன்னொரு படி, பிறகு திரும்ப வந்து பார்ப்பதும் ரிப்பேரும் கடைசிப் படி. கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தால் முடிந்தது என்று அதில் இல்லை. அப்பாவி ஜனங்கள் தலையில் அந்தப் பொறுப்பைப் போடாதீர்கள்.

என் கதை சின்னது. லாரி ஏறி இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. ரப்பர் வெட்டுகிறவன் நான், விடியும் முன்னே சரிவில் ஏறி இறங்க வேண்டும். கொடுத்த செயற்கைக் கால் போட்டு நடந்தால் சாக்ஸில் ரத்தம். "பழகப் பழகச் சரியாகும்" என்றார்கள். சென்னையில் ஒரு பட்டறையில் ஒரு டெக்னீசியன் என் சாக்ஸைப் பார்த்தார், பேசவில்லை. மேஜை டிராயரைத் திறந்து ஒரு லிப்ஸ்டிக் எடுத்தார். பெண்கள் போடுகிற சிவப்பு லிப்ஸ்டிக். என் காலில் வலிக்கிற இடத்தில் பூசி, சாக்கெட்டை, அதாவது வெட்டின கால் உள்ளே நுழைகிற கூட்டை மாட்டி, எழுந்து நாலடி நடக்கச் சொன்னார். கழற்றினதும் சாக்கெட்டின் உள்ளே சிவப்பு ஒட்டின இடம் தெரிந்தது. அந்த இடத்தை மட்டும் தேய்த்து எடுத்தார். திரும்ப மாட்டினேன். வலி இல்லை.

"வெட்டின கால் முதல் வருஷம் சுருங்கிக்கிட்டே இருக்கும், சாக்கெட் மாத்தணும். இத உங்களுக்கு யாரும் சொல்லலியா?" என்று கேட்டார். இல்லை. யாரும் சொல்லவில்லை. பழகிக்கொள் என்றுதான் சொன்னார்கள்.


குறும்பனை_அம்மா

எல்லாரும் எழுதுவதைப் பார்த்து எழுதுகிறேன். மகனுக்கு மூளை முடக்குவாதம், பேச்சு இல்லை. புத்தி நல்ல தெளிவு.

ஆவாஸ் என்று ஒரு செயலி, சென்னையில் செய்தது, படத்தைத் தொட்டால் பேசும், தமிழும் உண்டு. எங்களுக்கு டேப் வாங்க வழியில்லை. பயிற்சிக்கு வருகிற டீச்சர், அதே மாதிரி படங்களைக் காகிதத்தில் ஒட்டி லேமினேட் செய்து கொண்டுவந்தார். தண்ணி, சோறு, அம்மா, கடல், வள்ளம், வேணும், வேண்டாம், போதும். கையை நேராக நீட்ட வராது, கை முட்டியால் தொடுவான்.

நான் நினைத்தேன், முதலில் அம்மாவைத் தொடுவான் என்று. இல்லையென்றால் வள்ளம், அவன் அப்பா கடலுக்குப் போகிறவர். அன்றைக்குக் கால்களை நீட்டி மடக்குகிற பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அவன் முட்டியை இழுத்து இழுத்துக் கொண்டுபோய் "போதும்" மேல் வைத்தான். டீச்சர் உடனே கையை எடுத்துவிட்டார். அவன் அவர் முகத்தைப் பார்த்தான். திரும்பவும் தொட்டான், இந்தத் தடவை சிரித்துக்கொண்டு.

பிறந்ததில் இருந்து அந்தக் கால்களை எத்தனை பேர் நீட்டி மடக்கியிருக்கிறோம். அப்போதெல்லாம் அழுதால் "அழாதே மக்களே, உனக்க நல்லதுக்குத்தான்" என்று நானே பிடித்துக்கொண்டிருக்கிறேன். மற்றத் தாய்மாரிடம் ஒன்று சொல்லுகிறேன், அட்டையில் "போதும்", "வேண்டாம்" இரண்டையும் கட்டாயம் வையுங்கள். சாப்பாட்டுப் படம் அப்புறம் ஒட்டலாம்.


தக்கலை_மூத்தவர்

குலசேகரம் தம்பி, பொறுப்பை ஜனங்கள்மேல் போடுவது என் நோக்கம் இல்லை. கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் இங்கே கிடைக்கிறது, அதனால் கேட்கச் சொல்லித்தருகிறேன். எட்டுப் படி எப்போது நம்ம ஊருக்கு வரும் என்று காத்திருக்க தங்கச்சியின் அண்ணனுக்கு நேரம் இருக்கிறதா? குறும்பனை அம்மாவின் பதிவைப் படித்து வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை.


குலசேகரம்_ரப்பர்

கேட்கத் தெரியாதவனுக்கும் கிடைக்க வேண்டும் என்கிறேன் அண்ணாச்சி. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.


மார்த்தாண்டம்_சைக்கிள்கடை

நான் மாற்றுத்திறனாளி இல்லை, சைக்கிள் ரிப்பேர் செய்கிறவன். எழுதலாமா தெரியவில்லை, எழுதுகிறேன்.

கடற்கரைப் பக்கத்தில் இருந்து ஒரு பையன் அவனுடைய அம்மச்சியின் நாற்காலியைத் தலையில் சுமந்துகொண்டு வந்தான். முன்சக்கரம் இரண்டும் சுற்றவில்லை. மணல், உப்பு, முடி, நூல் எல்லாம் சேர்ந்து பேரிங்கை இறுக்கிவிட்டது. "அப்போ எப்படித் தள்ளுறிய?" என்று கேட்டேன். நாற்காலியைப் பின்னால் சாய்த்து, பெரிய சக்கரம் இரண்டில் மட்டும் ஓட்டிக் காட்டினான். அம்மச்சி வானத்தைப் பார்த்துக்கொண்டே கோயிலுக்குப் போய் வந்திருக்கிறார், மாசக்கணக்கில். புது நாற்காலிக்கு மனு கொடுத்துக் காத்திருக்கிறார்களாம்.

பழைய பேரிங்கைத் தட்டி எடுத்து, அதே நம்பரில் புதியது போட்டேன். மோட்டார் ஸ்பேர்ஸ் கடையிலேயே கிடைக்கும். பின்சக்கரம் காற்று டயர் என்றால் பெரும்பாலும் 24 அங்குலம், சைக்கிள் ட்யூப் அளவைப் பார்த்து மாற்றலாம். கடலோரத்தில் இருக்கிறவர்கள் வாரம் ஒருதரம் முன்சக்கரத்தில் சுற்றின முடியை அறுத்து எடுத்து, நல்ல தண்ணீரில் துடைத்து, துளி எண்ணெய் விட்டால் போதும். இதற்கு மனு வேண்டாம், எந்த சைக்கிள் கடைக்காரரும் செய்வார். சக்கர நாற்காலி என்றால் ஆஸ்பத்திரிச் சாமான், நம்ம வேலை இல்லை என்று சிலர் திருப்பி அனுப்புவார்கள். சைக்கிள் மாதிரிதான் என்று சொல்லிக் கொடுங்கள்.


வில்லுக்குறி_தங்கச்சி

அண்ணே, சீட்டுத் துணியைக் கழற்றிக் குறுக்குக் கம்பியை வெட்டி அகலம் குறைக்க முடியுமா? அண்ணனுக்கு இடுப்பு 14 அங்குலம், நாற்காலி 18.


மார்த்தாண்டம்_சைக்கிள்கடை

கம்பியை வெட்ட வேண்டாம் தங்கச்சி, மடக்கு நாற்காலியில் அந்தக் குறுக்குக் கம்பிதான் மொத்த பாரத்தையும் தாங்குகிறது. இரண்டு பக்கத்திலும் கெட்டி ஃபோம் வைத்து அடைக்கலாம், அதற்குமேல் தோல் படாமல் துணி தைக்கணும். ஞாயிறு மத்தியானம்வரை கடை உண்டு. அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர் உட்கார்ந்து பார்க்காமல் நான் அளவு வைக்க மாட்டேன்.