மறு: மறு: ‘மெட்ரோபோலிஸ்’ – மெய்ப்பு போகுமுன் ஒரு சொல் வேண்டும்

செ. (சென்னை):

குழும அன்பர்களுக்கு வணக்கம். கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கான பண்டை வரலாற்று நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மெய்ப்பு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். இத்தாலியை அடுத்த சிசிலித் தீவின் தென்கரையில் இருந்த கிரேக்க நகர் கேலா பற்றிய அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். கி.மு. 688 வாக்கில் ரோட்ஸ் தீவிலிருந்து ஆண்டிஃபேமோஸ், கிரீட்டிலிருந்து எண்டிமோஸ் என இருவர் ஆளுக்கொரு கூட்டத்தோடு வந்து சேர்ந்து நிறுவிய நகர் அது. இப்படிப் போனவர்கள் புறப்பட்ட ஊருக்குக் கிரேக்கர் வைத்த பெயர் மெட்ரோபோலிஸ். எனக்கு வந்த பழைய வரைவில் ‘கேலாவின் பெருநகரம் ரோட்ஸ்’ என்று இருக்கிறது. படிக்கிற பிள்ளை கேலாவைத் தாம்பரம் மாதிரி நினைத்துக்கொள்ளும். ஒரே ஒரு சொல் கொடுங்கள், புண்ணியமாகப் போகும்.

புலவர் ப. (கும்பகோணம்):

அம்மையீர், மேட்டெர் என்றால் தாய், போலிஸ் என்றால் நகர். ஆகவே ‘தாய்நகர்’ என்று எல்லாரும் ஓடி வருவார்கள். வரட்டும். நான் சொல்வதை முதலில் கேளுங்கள். சங்கப் பாட்டில் வியனகர், நெடுநகர் என்று வருமிடங்களில் பல, ஊரைச் சொல்லவில்லை. வீட்டை, மாளிகையைச் சொல்கின்றன. அந்தக் கணக்கில் தாய்நகர் அம்மா வீடு. அடுத்து, இளங்கோ புகாரை வாழ்த்தும்போது ‘பதியெழு அறியாப் பழங்குடி’ என்றாரே, நினைவிருக்கிறதா? பதியை விட்டு எழுந்து போவது என்பதற்கு இதைவிடச் சுருக்கமாக எவன் சொல்வான்? புகாரின் குடிகள் அதை அறியாதவர்கள். கேலாவுக்குப் போனவர்கள் நன்றாக அறிந்தவர்கள். எனவே போனவர்கள் ‘பதியெழுகுடி’. அவர்கள் எழுந்த ஊர் ‘எழுபதி’. வினைத்தொகை, ஆகவே வலி மிகாது. ‘எழுப்பதி’ என்று யாரும் அச்சிட்டுவிட வேண்டாம்.

கு. (யாழ்ப்பாணம்):

ஐயா, பதியெழுகுடி வடிவான சொல், மறுக்கேல்லை. ஆனால் ‘கேலாவின் எழுபதி ரோட்ஸ்’ எண்டு போட்டால் எங்கட பிள்ளையள் எழுபது எண்டு வாசிக்கும். இன்னொண்டும் சொல்லவேணும். செ. அக்காவின்ர வரைவில் ‘குடியேற்றம்’ எண்டு வேறு இருக்குமெண்டு நினைக்கிறன். இலங்கையில் குடியேற்றம் எண்டால் கல்லோயா தொட்டு அரசாங்கம் ஆக்களைக் கொண்டுவந்து இருத்தின கதைதான் எல்லாருக்கும் நினைவு வரும். கேலாவுக்குப் பின்னால் அப்பிடி ஒரு அரசாங்கம் இருந்ததாத் தெரியேல்லை. ‘மூதூர்’ எண்டு ஒரு யோசனை வந்தது, ஆனால் அது திருகோணமலையில் உண்மையாவே இருக்கிற ஊர்.

செ.:

‘காலனி’ என்றே விடலாமா? பேச்சில் உள்ள சொல்தானே.

இரா. (கோவை):

வேண்டவே வேண்டாம். நம்மூரில் ‘காலனி’ என்று சொன்னால் அடுத்த கேள்வி எந்தச் சாதி என்பதுதான். அதனால்தானே 2025இல் அரசுப் பதிவுகளிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். தவிர, ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவையும் கேலாவையும் ஒரே சொல்லால் சொல்வது வரலாற்றுக்கும் சரியில்லை. கேலா பிறந்த நாளிலிருந்து தனி அரசு, ரோட்ஸுக்குக் கீழ்ப்பட்டதல்ல.

நான் ஒன்று சொல்லிப் பார்க்கிறேன், சிரிக்காதீர்கள். கிரேக்கர் புதிய ஊரை அபோய்கியா என்றார்கள். அதற்குள் ‘ஓய்கோஸ்’, அதாவது வீடு, இருக்கிறது. நம்மிடம் பிறந்தகம், புக்ககம் என்று அழகான சோடி இருக்கிறதே! ரோட்ஸ் பிறந்தகம், கேலா புக்ககம். புலவர் ஐயா சொன்ன அம்மா வீடும் ஆயிற்று. சீர்வரிசையும் பொருந்துகிறது: கொரிந்து நகரத்தார் தங்கள் பிள்ளையான கொர்கீரா நகரின் மேல் வைத்த குறையே, விழாக்களில் தங்களுக்குரிய மரியாதையைச் செய்வதில்லை என்பதுதான். மருமகள் வீட்டுச் சண்டை கெட்டது. கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் அறிந்தவரையில் மிகப் பழைய கடற்போரே அவ்விருவருக்கும் நடந்ததுதான்.

வ. (மதுரை, வரலாறு கற்பிப்பவன்):

இரா. அம்மா, சொல் அருமை. ஆனால் புக்ககத்தில் மாமியார் இருப்பாரே? கேலாவைச் சுற்றி சிசிலியின் பழங்குடிகளான சிகானியர் ஏற்கெனவே வாழ்ந்தார்கள். ஆண்டிஃபேமோஸ் அவர்களுடைய ஓம்ஃபாகே ஊரைச் சூறையாடி, புராணச் சிற்பி டைடலோஸ் செய்ததாகச் சொல்லப்பட்ட சிலை ஒன்றைக் கேலாவுக்கு எடுத்துப் போனதாகக் கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியாஸ் எழுதுகிறார். மாமியாரை அடித்து நகையைப் பறித்த மருமகளுக்குப் ‘புக்ககம்’ என்ற சாந்தமான சொல் பொருந்துமா?

எனக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. எல்லாரும் தாய்க்குப் பெயர் தேடுகிறீர்கள். தாய் யார் என்று யாரும் கேட்கவில்லை. ‘ரோட்ஸ்’ என்ற நகரம் கி.மு. 408இல்தான் உருவானது. அதற்கு முன் அந்தத் தீவில் லிண்டோஸ், இயாலிசோஸ், காமிரோஸ் என்று மூன்று தனி ஊர்கள். கேலா பிறந்தபோது ரோட்ஸ் நகரமே கிடையாது! கேலாவை நிறுவியவர்கள் லிண்டோஸ்காரர்கள் என்று வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸ் தெளிவாகச் சொல்கிறார். கேலாவில் முதலில் மதில் எழுப்பிய இடத்துக்கு லிண்டியோய் என்று பெயர் என்பார் துசிடிடீஸ். பெயரே சாட்சி. ஆனால் எண்டிமோஸ் கிரீட்டின் எந்த ஊர்? துசிடிடீஸ் ‘கிரீட்டிலிருந்து’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். போதாததற்கு, பின்னாளில் கேலாவை ஆண்ட கெலோனின் முன்னோர் தேலோஸ் என்ற குட்டித் தீவிலிருந்து அவர்களோடு வந்தவர் என்கிறார் ஹெரோடோடஸ். ஆக, ஒரு நகர், ஒரு பெரிய தீவு, ஒரு சின்னத் தீவு. இதில் ‘நகர்’ எங்கே?

புலவர் ப.:

ஆறு தாய்ப்பால் குடித்த முருகனைக் கும்பிடுகிறவர்களுக்கு மூன்று தாய் பெரிய தொல்லையா? எழுபதியைப் பன்மையாக்கினால் தீர்ந்தது.

வ.:

ஐயா, தாய்களின் எண்ணிக்கையைப் பற்றி நான் சொல்லவில்லை. சில தலைமுறைக்குப் பிறகு ஒரு தாய் மட்டும் எப்படி மிஞ்சினாள் என்பதே கேள்வி. ஏதென்ஸில் செய்த கிண்ணம் ஒன்றின் அடிப்பாகம் கேலாவில் கிடைத்தது. அடிவட்டத்தில் கீறியிருக்கிறார்கள்: ம்நாசிதாலேஸ் ஆண்டிஃபேமோஸுக்குப் படைத்தது. கி.மு. 5ஆம் நூற்றாண்டு. நகர் எழுந்து 200 ஆண்டுகளுக்குப் பிறகும் நிறுவியவருக்குப் படையல் நடந்திருக்கிறது. அதில் எண்டிமோஸ் பெயர் இல்லை. கேலாக்காரர்கள் நிறுவிய அக்ராகாஸ் நகரைக்கூட வரலாற்றாசிரியர் பொலிபியஸ் ரோட்ஸ்காரர்கள் நிறுவியது என்றே எழுதுகிறார். கிரீட் கணக்கிலிருந்தே கழன்றுவிட்டது. எந்த ஊர் வழக்கத்தையும் சட்டத்தையும் கைக்கொண்டார்களோ, அதுவே பிறகு ‘தாய்’ ஆகிறது.

சிசிலியின் வடகரையில் ஹிமேரா நகரைப் பாருங்கள். ஸாங்க்ளே என்ற ஊரிலிருந்து அங்கே போனவர்களில் பெரும்பாலோர் கிரேக்கத்தின் கால்கிஸ் நகர் மரபினர். சிசிலியின் இன்னொரு நகரான சிராகூஸில் உள்நாட்டுச் சண்டையில் தோற்று வெளியேறிய மிலெடிடாய் கூட்டமும் சேர்ந்துகொண்டது. இரு கூட்டத்தின் பேச்சும் ஒன்றாகக் கலந்தது. சட்டமும் வழக்கமும் மட்டும் கால்கிஸுடையதே ஓங்கியது. துசிடிடீஸ் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார். அதற்கு நாம் ஒரு சொல் தேடுகிறோம்!

கு.:

‘தாயகம்’ எண்டால் தீவும் அடங்கும், நகரும் அடங்கும். ஆனால் எங்கட அரசியலில் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு பாரம் எண்டு உங்களுக்குத் தெரியும். நான் போடுங்கோ எண்டு சொல்லமாட்டன். இடையில் ஒரு கேள்வி: இவையளை ‘யவனர்’ எண்டலாமோ? யவனர் எண்டது கிரேக்கரில் ஒரு பிரிவான ஐயோனியரிலிருந்து வந்த பேர்; கேலாக்காரர் இன்னொரு பிரிவான டோரியர் அல்லோ?

புலவர் ப.:

முல்லைப்பாட்டு ‘வலிபுணர் யாக்கை வன்கண் யவனர்’ என்கிறது. அவர் டோரியரா ஐயோனியரா என்று பாசறைக் காவலில் நிறுத்தியவர் கேட்டதாகக் குறிப்பு இல்லை.

செ.:

யவனர் வேறு இழைக்குப் போகட்டும், தயவுசெய்து. இப்போது இரவு பதினொன்று. பெரும்பாலோர் ‘தாய்நகர்’ போதும் என்று தனிமடலில் எழுதிவிட்டார்கள், பாதி களைப்பில். அதையே போடுகிறேன். முதல் வாக்கியத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன்: ‘லிண்டோஸ் கேலாவின் தாய்நகர், கிரீட்டிலிருந்தும் பிற தீவுகளிலிருந்தும் வந்தவர்களும் நிறுவியோரில் உண்டு.’ பதியெழுகுடியைப் பெட்டிச்செய்தியில் ஒருமுறை கொண்டுவந்திருக்கிறேன், புலவர் ஐயாவுக்காக.

வ.:

நல்லது. ஆனால் ‘பிற தீவுகள்’ என்று பன்மை வேண்டாமே. ஹெரோடோடஸ் பெயர் சொல்வது தேலோஸ் ஒன்றைத்தான்.

புலவர் ப.:

பெட்டிக்குள் அடைத்ததற்கு நன்றி. தாய்நகர் என்பது தாயின் வீடே என்ற என் மறுப்பைக் குழுமப் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன்.