அக்காவைத் திருப்பி அனுப்பச் சொல்கிறார் அப்பா. என்ன செய்வது?

திண்டுக்கல் தம்பி:
அக்காவைக் கரூரில் கட்டிக்கொடுத்தோம். போன மாதம் இரண்டாம் வகுப்புப் படிக்கும் பையனோடும் ஒரு கட்டைப்பையோடும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமா தினமும் அடிக்கிறவர் இல்லை. அதனாலேயே இங்கே யாருக்கும் இது பெரிதாகப் படவில்லை. அக்கா டெக்ஸ்டைல் கம்பெனிக்குப் போகிறாள், ஏடிஎம் கார்டு அவரிடம். காலையில் ஃபிரிட்ஜ் மேல் 200 ரூபாய் வைப்பார், ராத்திரி கணக்குக் கேட்பார். தக்காளி விலை ஏறினாலும் அக்காதான் பதில் சொல்ல வேண்டும். கணக்கு இடித்தால் காது கூசுகிற பேச்சு, சில நாள் கையும் நீளும். கடைசியாகக் கையை முறுக்கியதில் மணிக்கட்டு வீங்கிப்போய், ஜிஹெச்சில் ‘பாத்ரூமில் வழுக்கிவிட்டது’ என்று சொல்லியிருக்கிறாள். நகை முழுக்க அவர் பெயரில் அடகில்.

எனக்கு உறுத்துவது பையன்தான். எங்கள் தெருவில் எந்த பைக் வந்து நின்றாலும் ஓடிப்போய் டிவியை அணைத்துவிட்டு நோட்டை எடுத்து வைத்துக்கொள்கிறான். யாரும் சொல்லவில்லை, தானாகவே.

அப்பா ‘நாலு பேர் என்ன சொல்வார்கள், கொண்டுபோய் விடு’ என்கிறார். மகளிர் காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து, இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசி, இனி சண்டை போட மாட்டோம் என்று எழுதி வாங்கி அனுப்பிவிட்டார்கள். கேஸ் போட வேண்டும் என்றால் கரூருக்குத்தான் போக வேண்டுமா?

கொங்குக்காரன்:
பெரியவர்களை வைத்துப் பேசி முடியுங்கள் தம்பி. கோர்ட் படி ஏறினால் அப்புறம் சேர்ந்து வாழ முடியாது.

ஓய்வுபெற்ற கவுன்சிலர்:
கொங்குக்காரரே, பெரியவர்கள் பேசி அனுப்பி, அதே பெண் இன்னொரு காயத்தோடு திரும்பி வந்ததை நான் நிறையப் பார்த்துவிட்டேன். நீங்கள் சொல்வது விவாகரத்து வழக்கு. குடும்ப வன்முறைச் சட்டம், 2005 வேறு. அதில் பாதுகாப்பு உத்தரவு வாங்கிக்கொண்டு அதே வீட்டில் வாழலாம். மாமியார் பெயரில் வீடு இருந்தாலும், அவள் மருமகளாக வாழ்ந்த வீடு என்றால் அங்கே இருக்க உரிமை கேட்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. இந்தச் சட்டத்தில் அந்த உத்தரவை மீறினால்தான் குற்றம்: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தம்பி, கரூருக்கு அலைய வேண்டாம். அக்கா இப்போது தங்கியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைக் கேளுங்கள். அவர் அக்கா சொல்வதை டிஐஆர் என்ற குடும்ப வன்முறை அறிக்கைப் படிவத்தில் எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். அக்கா தயங்கினால் நீங்களே தகவல் கொடுக்கலாம், நல்லெண்ணத்தோடு சொல்கிறவர் மேல் வழக்கு வராது. சம்பளத்தைப் பிடுங்கி வைப்பதும், கேவலமாகப் பேசுவதும் சட்டப்படி வன்முறைதான். அடி விழுந்தால்தான் என்றில்லை. நகையைத் திருப்பித் தரச் சொல்லியும் கேட்கலாம், அடகுச் சீட்டு இருந்தால் படம் எடுத்து வையுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று நிற்காதீர்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், எண் 15100. ராத்திரியில் ஏதாவது என்றால் பெண்கள் உதவி எண் 181.

பையன் செய்வதை அடம் என்றோ பயந்தாங்கொள்ளித்தனம் என்றோ திட்டிவிடாதீர்கள். அந்த வீட்டில் அடி விழாமல் இருக்க அவன் கண்டுபிடித்த வழி அது. படுக்கையை நனைப்பது, திடீரென வயிற்றுவலி, படிப்பில் மந்தம் எல்லாம் இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் வரும். ஜிஹெச் மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள்.

திருச்சி மலர்:
நானும் இதே வழியில் வந்தவள். ஜிஹெச்சுக்கு இனி போனால் யார் அடித்தது என்று உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள், ஆஸ்பத்திரியில் காயத்தைப் பதிவு செய்யும் ஏ.ஆர். காப்பியில் அதுதான் ஏறும். எனக்கு இடைக்கால உத்தரவு சீக்கிரம் வந்தது, வழக்கு முடிய ரொம்ப நாள் இழுத்தது. முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, நடப்பில் வாய்தா வாய்தாதான். அக்கா அதுவரை வேலையை விடக் கூடாது. முதலில் அவள் பெயரில் புதுக் கணக்கு ஒன்று தொடங்கி, சம்பளத்தை அதில் போடச் சொல்லி கம்பெனியில் எழுதிக் கொடுக்கட்டும்.

திண்டுக்கல் தம்பி:
நன்றி. அப்பா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அம்மா பீரோவிலிருந்து கல்யாண நகை ரசீதுகளைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை போகிறோம். பையனை இங்கே பள்ளியில் சேர்க்கலாமா? டி.சி. அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஓய்வுபெற்ற கவுன்சிலர்:
சேருங்கள். டி.சி. வரத் தாமதம் என்று அரசுப் பள்ளி அவனைத் திருப்பி அனுப்ப முடியாது, கல்வி உரிமைச் சட்டத்திலேயே அது இருக்கிறது. சேர்க்கும்போதே பையனை அழைத்துப் போக யார் யார் வரலாம் என்று தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வகுப்பு டீச்சரிடமும் விஷயத்தைக் காதில் போட்டு வையுங்கள்.