ஜெர்மனிக்குப் போகும் மெஷின் பேனல்: ரெட்-எல்லோ-ப்ளூ ஒயரிங்கைப் பிரிக்கணுமா?

கேள்வி

400 வோல்ட் த்ரீ பேஸ், 230 வோல்ட் ஏசி கன்ட்ரோல், பிஎல்சிக்கு (மெஷினை ஓட்டுற கன்ட்ரோலர்) 24 வோல்ட் டிசி. கஸ்டமர் ஸ்பெக்கில் ஐஇசி 60204-1 (மெஷின் எலக்ட்ரிகல் பாதுகாப்பு ஸ்டாண்டர்ட்) என்று மட்டும் இருக்கு. ஒயர்மேன் நம்ம ஊர் வழக்கப்படி பேஸுக்கு ரெட், எல்லோ, ப்ளூ, நியூட்ரலுக்குக் கருப்பு இழுத்துட்டார். ஃபெருல் (ஒயர் முனையில் மாட்டுற நம்பர் வளையம்) நம்பர் எல்லாம் சரி. அப்படியே விடலாமா? பேனல் லைட்டுக்கு மெயின் ஐசொலேட்டருக்கு (பேனலின் மெயின் சுவிட்ச்) முன்னாடியே தனியா லைன் எடுத்திருக்கோம், அது என்ன கலர்?

பதில் 1

பிரிச்சிடுங்க சார். அந்த ஸ்டாண்டர்டில் கலர் பெரும்பாலும் பரிந்துரைதான், ஃபெருல் நம்பர் மட்டுமே போதும்னு வாதாடலாம். ஆனா உங்க நியூட்ரல் கருப்பு. அந்த ஸ்டாண்டர்டில் கருப்புன்னா பவர் ஒயர். திறந்து பார்க்கிறவர் தப்பாத்தான் புரிஞ்சுக்குவார்.

பவர் மூணு பேஸும் கருப்பு, எல்1, எல்2, எல்3 ஃபெருலில். ஏசி கன்ட்ரோல் சிவப்பு, டிசி கன்ட்ரோல் கருநீலம், நியூட்ரல் வெளிர்நீலம். இன்கமிங் கேபிள் பிரவுன், கருப்பு, சாம்பல்னு வரும், குழம்ப வேண்டாம்.

எல்லோ பேஸை முதல்ல எடுங்க. எர்த் பச்சை-மஞ்சளோட குழம்பும் இடத்தில் தனி மஞ்சளோ தனிப் பச்சையோ கூடாது. எர்த் ஒயரையும் பாருங்க: எந்த 15 மி.மீ. நீளத்தை எடுத்தாலும் ஒரு கலர் 30 முதல் 70 சதவீதம் மூடியிருக்கணும். மெல்லிசா ஒரே ஒரு மஞ்சள் கோடு போட்ட பச்சை ஒயர் இதில் தேறாது.

பதில் 2

பேனல் லைட் ஒயர் ஆரஞ்சு. கேள்வியில் ஆபத்தான விஷயமே இதுதான். ஐசொலேட்டரை ஆஃப் பண்ணி பூட்டு போட்டாலும் அந்த ஒயரில் 230 வோல்ட் நிக்கும். சர்வீஸ் சாக்கெட், பக்கத்து மெஷினிலிருந்து வரும் இன்டர்லாக் (ஒரு மெஷின் நிலையைப் பார்த்து இன்னொன்றை ஓட விடுற சிக்னல்) எல்லாம் இதே கணக்கு. டெர்மினலுக்குக் கவர், ஐசொலேட்டர் பக்கத்தில் எச்சரிக்கை லேபிள், முடிஞ்சா தனி டக்ட் (ஒயர் ஓடும் பெட்டிக் குழாய்). இன்டர்லாக்கை சிவப்பில் இழுத்தா, கன்ட்ரோல் ஆஃப்னு நினைச்சு கை வைப்பாங்க.

கேள்வி கேட்டவர்

ஒயரை மாத்தாம ரெண்டு முனையிலும் கலர் ஸ்லீவ் போட்டா ஓடுமா? 24 வோல்ட்டில் பிளஸ், ஜீரோ ரெண்டும் ஒரே நீலமா?

பதில் 1

முனையில் மட்டும் போதாது, இடையிடையேயும் மார்க் வேணும். டக்டுக்குள்ள அதைச் செய்யிற நேரத்தில் புது ஒயரே இழுத்துடலாம். பச்சை-மஞ்சள் ஒயரை மட்டும் டேப் சுத்தி வேற எதுக்கும் பயன்படுத்தாதீங்க.

24 வோல்ட்டுக்கு ரெண்டும் கருநீலமா இருக்கலாம். ஆனா ஒரு ஃபெருல் மாறினா பிளஸ்ஸும் ஜீரோவும் ஷார்ட். ஜீரோவுக்கு வெள்ளைக் கோடு போட்ட நீலம் எடுத்து, டிராயிங் முதல் ஷீட்டில் கலர் டேபிள் போட்டுடுங்க. ஜீரோவை எஸ்எம்பிஎஸ் (24 வோல்ட் தர்ற பவர் சப்ளை) பக்கத்தில் ஒரே இடத்தில் எர்த் பண்ணுங்க. பண்ணாட்டி, முதல் எர்த் ஃபால்ட்டில் ஃப்யூஸ் போகாது, ரெண்டாவது ஃபால்ட்டில் சோலினாய்டு (வால்வைத் திறக்கிற மின்காந்தம்) தானா இயங்கிடலாம்.

பதில் 3

இதே டிசைன் அமெரிக்காவுக்கும் போகும்னா என்எஃப்பிஏ 79 (அங்கத்திய மெஷின் எலக்ட்ரிகல் ஸ்டாண்டர்ட்) தனி. கருப்பு, சிவப்பு, நீலம், ஆரஞ்சு அப்படியேதான். எர்த் பண்ணின ஏசி ஒயர் வெள்ளை அல்லது சாம்பல், எர்த் பண்ணின டிசி ஜீரோ நீலக் கோடு போட்ட வெள்ளை. வெளிர்நீல நியூட்ரல் அங்கே செல்லாது.